மணிக்கு ஆயிரம் பேரா, வருடத்துக்கு ஆயிரம் பேரா? கைப்பேசியில் விரியும் உலகின் மிகப்பெரிய குகை!

வியட்நாமின் நடுப்பகுதியில், லாவோஸ் எல்லையை ஒட்டிய மலைக்காடு. 1990-ம் ஆண்டு. அகில் கட்டை தேடிக் காட்டுக்குள் போன ஹோ கான் என்ற இளைஞர், திடீரென அடித்த புயல் மழையில் சிக்கிக்கொள்கிறார். ஒதுங்க இடம் தேடியவருக்கு ஒரு பாறை இடுக்கு தென்படுகிறது. அங்கே போய் நின்றால், முதுகுப் பக்கமிருந்து சில்லென்ற காற்று. திரும்பிப் பார்க்கிறார். பாறையின் வாயிலிருந்து புகைபோல மேகம் வெளியே வந்துகொண்டிருக்கிறது. உள்ளே எங்கோ ஆழத்தில் ஆறு ஒன்று இரைந்து ஓடும் சத்தம்.

உள்ளே இறங்கலாம் என்றால் செங்குத்தான பள்ளம். கையில் கயிறும் இல்லை, விளக்கும் இல்லை. மழை விட்டதும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அந்த இடம் எங்கே இருந்தது என்பதும் நாளடைவில் அவருக்கு மறந்துபோனது.

அன்று அவர் நின்றது உலகின் மிகப்பெரிய குகையின் வாசலில். இன்று அந்தக் குகைக்குள் போக விரும்புவோர் 3,000 டாலர் கட்ட வேண்டும். அல்லது கையிலிருக்கும் ஸ்மார்ட்போனைத் திறந்தாலும் போதும். இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழியைத் திறக்கத் திட்டம் போட்டார்கள். அது நடந்திருந்தால் குகையின் கதி என்னவாகியிருக்கும் என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி.

18 வருடம் கழித்துக் கிடைத்த வாசல்

ஃபோங் நியா - கே பாங் தேசியப் பூங்கா முழுக்கவே சுண்ணாம்புப் பாறை மலைகள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாக மாறும். அது பாறை இடுக்குகளில் இறங்கிச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். லட்சக்கணக்கான வருடங்கள் இப்படியே போனால் மலைக்குள் குகைகள் உருவாகும். இந்தப் பூங்காவில் அப்படி உருவான குகைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 2003-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

1990 முதலே பிரிட்டனைச் சேர்ந்த குகை ஆய்வாளர்கள், ஹனோய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இந்தப் பகுதியில் ஆய்வு நடத்தி வந்தார்கள். மேகம் கக்கும் ஒரு குகையை உள்ளூர்க்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார் என்ற தகவல் ஹோவர்ட் லிம்பெர்ட் தலைமையிலான அந்தக் குழுவின் காதுக்கும் எட்டியது. ஆனால் ஹோ கானுக்கு வழி தெரியவில்லை. அவரும் விடாமல் காட்டில் தேடிக்கொண்டே இருந்தார். 2008-ல் ஒரு நாள் அதே வாசல் மறுபடியும் அகப்பட்டது. இந்த முறை வழியைக் குறித்துக்கொண்டார்.

2009-ல் அவர் வழிகாட்ட, ஆய்வுக் குழு கயிறு கட்டிக் குகைக்குள் இறங்கியது. சில கிலோமீட்டர் உள்ளே போனதும், சேறும் கால்சைட்டுமாக ஒரு பிரமாண்டச் சுவர் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் உயரம் சுமார் 90 மீட்டர். அன்று ஏற முடியாமல் திரும்பியவர்கள் அதற்கு ‘வியட்நாமின் பெருஞ்சுவர்’ என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருடம் தக்க கருவிகளோடு வந்து ஏறிப் பார்த்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. குகையின் மறு வாசல் அதுதான்.

‘சோன் டூங்’ என்று பெயரிடப்பட்ட இந்தக் குகையை ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ இதழ் 2011 ஜனவரியில் வெளியிட்டபோது உலகமே வாயைப் பிளந்தது.

குகைக்குள் காடு... காட்டுக்குள் மேகம்!

சோன் டூங்கின் நீளம் சுமார் 9 கிலோமீட்டர். கொள்ளளவு சுமார் 3.85 கோடி கன மீட்டர். இதைவிட நீளமான குகைகள் உலகில் நிறைய உண்டு. ஆனால் கொள்ளளவில் இதை மிஞ்சிய குகை இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

எண்ணைச் சொன்னால் அளவு மனதில் பதியாது. இப்படிப் பார்க்கலாம். குகையின் கூரை சில இடங்களில் 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 216 அடி. அதைப்போல மூன்று விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்தக் கூரையைத் தொட முடியும். அகலம் 150 மீட்டர் வரை விரிகிறது.

குகையின் இரண்டு இடங்களில் கூரை எப்போதோ இடிந்து விழுந்திருக்கிறது. அந்தத் துளைகள் வழியாக வெயில் உள்ளே விழ, அடியில் ஒரு காடே வளர்ந்து நிற்கிறது. உயரமான மரங்கள், கொடிகள், பாசி, பூச்சிகள், பறவைகள் எல்லாம் தரைக்குக் கீழே! முதல் காட்டுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர், ‘டைனோசர் இருக்கும், கவனம்’. குகைக்குள் இருக்கும் காற்றுக்கும் வெளியே உள்ள காற்றுக்கும் வெப்பநிலை வேறுபடுவதால், உள்ளேயே மேகம் திரள்கிறது. ஹோ கான் அன்று பார்த்தது அந்த மேகத்தைத்தான்.

மேலிருந்து சொட்டும் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு படிந்து, கூரையிலிருந்து கல்விழுதுகள் தொங்குகின்றன. தரையிலிருந்து கல்முளைகள் எழும்புகின்றன. ஒரு கல்முளை பார்ப்பதற்கு நாயின் பாதம் போலவே இருப்பதால், அதற்கு ‘நாயின் கை’ என்று பெயர். இன்னோர் இடத்தில், தேங்கிய நீர் வற்றிய குழிகளில் ‘குகை முத்துகள்’ குவிந்து கிடக்கின்றன. ஒரு மணல் துகளின் மேல் நீர் சொட்டிச் சொட்டி, சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படிந்து உருவானவை இவை. சாதாரணமாகக் குகை முத்து குன்றிமணி அளவுக்கு வளர்ந்தாலே பெரிது. சோன் டூங்கில் சில முத்துகள் பந்து அளவுக்கு இருக்கின்றன. தெரியாமல் ஒரு கால் மிதித்துவிட்டால் போதும். பல நூற்றாண்டு வேலை ஒரு நொடியில் வீண்.

யார் போகலாம்?

2013-ல் சுற்றுலாப் பயணிகளுக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தது. இப்போது வருடத்துக்குச் சுமார் 1,000 பேர் மட்டுமே போகலாம். மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் ஏறுவதால், செப்டம்பருக்குப் பிறகு வருடக் கடைசி வரை குகை மூடப்பட்டுவிடும். பயணம் 4 பகல், 3 இரவு. ஒரு குழுவில் 10 பயணிகளுக்கு மேல் கூடாது. வழிகாட்டிகள், கயிறு பிடிக்கும் பாதுகாப்பு ஆட்கள், சமையல்காரர்கள், சுமை தூக்குபவர்கள் என்று கூடப் போவோரின் எண்ணிக்கை அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

முதல் நாள் காட்டு வழி நடை. பழங்குடியினரான ப்ரூ வான் கியூ மக்களின் சின்னஞ்சிறு கிராமம் வழியில் வருகிறது. ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். முதல் இரவு, உழவாரன் குருவிகள் கூட்டம் கூட்டமாக வாழும் இன்னொரு பெரிய குகையில் தங்கல். மறுநாள் கயிற்றைப் பிடித்து, ஹோ கான் தயங்கி நின்ற அதே பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். கூடாரங்களை எல்லா இடத்திலும் போட முடியாது. குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது. கழிவறைக்கு உமி பயன்படுத்துகிறார்கள். சேரும் கழிவைக்கூடச் சுமந்து வெளியே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

கட்டணம் சுமார் 3,000 டாலர், நம் பணத்தில் இரண்டரை லட்சம் ரூபாய்க்கும் மேல். பணம் இருந்தாலும் முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். வயதானவர்கள், சிறுவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இந்த வாசல் மூடியேதான் இருக்கிறது.

மணிக்கு ஆயிரம் பேர்!

இந்தக் குறையைச் சுட்டிக்காட்டித்தான் 2014 அக்டோபரில் அந்தத் திட்டம் வந்தது. சோன் டூங் இருக்கும் பகுதி அப்போது குவாங் பின் மாகாணத்தில் இருந்தது. குகைப் பகுதிக்கு சுமார் 10 கிலோமீட்டர் நீளத்தில் கேபிள் கார் அமைக்கலாம், செலவு 20 கோடி டாலருக்கும் மேல் என்று மாகாண நிர்வாகம் அறிவித்தது. மணிக்கு 1,000 பேர் வரை அதில் போக முடியும் என்றார்கள். அதாவது, ஒரு வருடத்துக்கு அனுமதிக்கும் கூட்டத்தை ஒரே மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கும் திட்டம்!

திட்டத்தை ஆதரித்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பகுதி வியட்நாமின் ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. போர்க்காலத்தில் குண்டுமழையைத் தாங்கிய மண். அன்று மக்களும் வீரர்களும் உயிரைக் காத்துக்கொள்ளக் குகைகளுக்குள்தான் ஒதுங்கினார்கள். ‘இத்தனை பெரிய அதிசயத்தை வைத்துக்கொண்டு நாங்கள் ஏன் வேலையில்லாமல் இருக்க வேண்டும்? பணக்கார வெளிநாட்டுக்காரர்கள் மட்டும்தான் பார்க்க வேண்டுமா?’ என்ற கேள்விகள் எழுந்தன.

எதிர்ப்பும் உடனே கிளம்பியது. வியட்நாம் இளைஞர்கள் இணையத்தில் பிரசாரம் தொடங்கினார்கள். குகை ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். யுனெஸ்கோவும் கவலை தெரிவித்தது. ஆனால் எதிர்த்தவர்களுக்கு ஒரு சிக்கல். ‘காப்பாற்றுங்கள்’ என்கிறார்கள். எதைக் காப்பாற்ற வேண்டும்? அதை நேரில் பார்த்தவர்கள் சில நூறு பேர்தான். கண்ணால் காணாத ஒன்றுக்காக எத்தனை பேர் குரல் கொடுப்பார்கள்?

குகையைக் கையில் கொடுத்தவர்கள்

2015-ல் அதற்கு விடை வந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் மார்ட்டின் எட்ஸ்ட்ராம் குழுவோடு குகைக்குள் போய், தொடக்கம் முதல் முடிவு வரை 360 டிகிரி படங்களாக எடுத்தார். ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ அதை ‘சோன் டூங் 360’ என்ற பெயரில் இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டது. அதே வருடம் மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று, குகைக்குள்ளிருந்து டிரோன் மூலம் நேரலை ஒளிபரப்பே செய்தது.

360 டிகிரி படம் எப்படி எடுக்கப்படுகிறது? முக்காலியில் கேமராவை நிறுத்தி, அதே புள்ளியில் சுழற்றிச் சுழற்றி எல்லாத் திசைகளிலும் படம் எடுப்பார்கள். மேலே கூரை, கீழே தரை எதையும் விடக் கூடாது. ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் வர வேண்டும். பிறகு மென்பொருள் அத்தனை படங்களையும் தைத்து, ஒரு பெரிய உருண்டையின் உட்புறத்தில் ஒட்டியதுபோல ஆக்கிவிடும். பார்ப்பவர் அந்த உருண்டையின் நடுவில் நிற்கிறார். போனைத் திருப்பினால், அதில் உள்ள சென்சார் அதைப் புரிந்துகொண்டு காட்சியையும் திருப்புகிறது.

கோயிலிலோ கடற்கரையிலோ இதைச் செய்வது எளிது. குகையில் அப்படி இல்லை. முதல் பிரச்னை இருட்டு. கையில் பிடித்த டார்ச்சின் வெளிச்சம் எதிர்ச் சுவரைப் போய்ச் சேர்வதற்குள் செத்துவிடும். எனவே ஆட்கள் பாறைகளின் மேல் ஏறி, ஆளுக்கொரு திசையில் விளக்குப் பிடிக்க வேண்டும். கேமராவின் கண் பல விநாடிகள் திறந்தே இருக்க, யாரும் அசையக் கூடாது. அடுத்த பிரச்னை ஈரம். நம் மூச்சுக்காற்றே விளக்கின் முன்னால் வெண்புகையாக மிதக்கும். லென்ஸில் ஆவி படியும். சார்ஜ் போட பிளக் பாயின்ட் கிடையாது. எல்லா பேட்டரியையும் முதுகில் சுமந்தே கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அது லேசர் ஸ்கேன். லேசர் கதிர் சுவரில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டு, கோடிக்கணக்கான புள்ளிகளாகக் குகையின் வடிவத்தையே கணினியில் வார்த்துவிடலாம். 2013-ல் சீனாவின் ‘மியாவ்’ குகை அறையை இப்படி ஸ்கேன் செய்தபோதுதான், அதன் கொள்ளளவு 1.07 கோடி கன மீட்டருக்கும் அதிகம் என்பதும், உலகின் மிகப்பெரிய குகை அறை அது என்பதும் தெரியவந்தது. படம் அழகைக் காட்டும். ஸ்கேன் அளவைச் சொல்லும். நாளைக்கு ஒரு கல்விழுது உடைந்தாலோ, சுவர் சரிந்தாலோ, ‘முன்னால் எப்படி இருந்தது’ என்று ஒப்பிட்டுப் பார்க்க இரண்டுமே சாட்சிகள்.

மூச்சுக்காற்றே விஷமான கதை

ஆயிரம் பேர் போனால் அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள், பிரான்ஸில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்குள்ள லாஸ்கோ குகையை 1940-ல் சிறுவர்கள் சிலர் கண்டுபிடித்தார்கள். சுவர் முழுக்கக் காளைகள், குதிரைகள், மான்கள். ஏறத்தாழ 17,000 வருடங்களுக்கு முன் வரையப்பட்ட ஓவியங்கள். 1948-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1950-களின் நடுவில் தினமும் 1,200 பேர் வரை வந்தார்கள். யாரும் எதையும் தொடவில்லை, கிறுக்கவில்லை. சும்மா நின்று பார்த்தார்கள், மூச்சு விட்டார்கள். அவ்வளவுதான். அந்த மூச்சில் இருந்த கரியமில வாயுவும், ஈரமும், உடம்புச் சூடும், மின்விளக்கின் வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பச்சைப்பாசி படர ஆரம்பித்தது. 17,000 வருடம் தாக்குப்பிடித்த ஓவியம் 15 வருடக் கூட்டத்தைத் தாங்கவில்லை. 1963-ல் குகையை மூடிவிட்டார்கள். இன்று பயணிகள் பார்ப்பது, பக்கத்தில் கட்டிய நகல் குகையைத்தான். அசல் குகையை இணையத்தில் சுற்றிப் பார்க்கலாம்.

அந்தப் பாடத்தால், 1994-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஷோவே குகையை அவர்கள் மக்களுக்குத் திறக்கவே இல்லை. மார்சே நகருக்குப் பக்கத்தில் இன்னொரு குகை இருக்கிறது. கோஸ்கே என்ற அந்தக் குகையின் வாசல் கடலுக்கடியில் 37 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கடல் மட்டம் உயர உயர, உள்ளே இருக்கும் ஓவியங்களைத் தண்ணீர் அரித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தடுக்க வழியே இல்லை. எனவே முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து, 2022-ல் ஒரு நகலைக் கட்டித் திறந்தார்கள். சில குகைகளுக்கு, பின்னால் மிஞ்சப்போவது அந்தப் பதிவு மட்டும்தான்.

திரை காட்டாதவை

மெய்நிகர் சுற்றுலா எல்லாவற்றுக்கும் மருந்து அல்ல. ஆற்று நீரின் குளிர் காலில் ஏறாது. வௌவால் எச்சத்தின் வாடை வராது. எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டால் கண்ணுக்கு முன்னால் நீட்டிய கையே தெரியாத அந்த இருட்டு, ஐந்தரை அங்குலத் திரைக்குள் அடங்காது. முக்கியமாக, அந்தப் பிரமாண்டம் அடங்காது. படத்தில் எங்கோ ஒரு மூலையில் புள்ளியாக நிற்கும் மனிதரைக் கண்டுபிடித்த பிறகுதான், ‘அடேயப்பா’ என்று தோன்றும்.

வேறு ஆபத்துகளும் உண்டு. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, அனுமதியில்லாத குகைகளுக்குள் நுழைய நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதனால்தான் காவல் இல்லாத குகைகளின் சரியான இருப்பிடத்தை ஆய்வாளர்கள் வெளியிடத் தயங்குகிறார்கள். அதோடு, பழைய மென்பொருளில் செய்த சுற்றுலாக்கள் புதிய போன்களில் திறக்காமல் போவதும் உண்டு. கல்லில் இருப்பது பல்லாயிரம் வருடம் நிற்கிறது. கணினியில் இருப்பதைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை யாராவது புதுப்பிக்க வேண்டும்.

பதிவும் ஒருபோதும் முழுமை பெறுவதில்லை. 2018-ல் தாய்லாந்து குகையில் சிக்கிய சிறுவர்களை மீட்டதில் பங்கேற்ற பிரிட்டன் முக்குளிப்பு வீரர்கள் சிலர், 2019-ல் சோன் டூங்கில் மூழ்கிப் பார்த்தார்கள். நீருக்கடியில் அது இன்னொரு குகையோடு இணைகிறது என்று தெரிந்தது. எந்த 360 டிகிரி படத்திலும் இல்லாத இடம் அது.

கோடரி பிடித்த கைகள்

கேபிள் கார் இன்றுவரை கட்டப்படவில்லை. அதற்கு விர்ச்சுவல் டூர் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பலரும் பல பக்கம் போராடினார்கள். ஆனால் எதைக் காப்பாற்றச் சொல்கிறோம் என்பதை உலகத்துக்குக் காட்ட அது உதவியது. 2022-ல் கூகுள் தன் முகப்பிலேயே இந்தக் குகையை வரைந்து கொண்டாடியது.

வேலை கேட்ட மக்களின் கேள்வி என்னவானது? முன்பு மரம் வெட்டவும் வேட்டையாடவும் காட்டுக்குள் போன பலர், இன்று பயணிகளின் சுமை தூக்குகிறார்கள், சமைக்கிறார்கள், வழி காட்டுகிறார்கள். வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்கிறார்கள். அகில் தேடி அலைந்த ஹோ கானும் சுமை தூக்குவோர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். காடும் குகையும் அப்படியே இருந்தால்தான் நாளைக்கும் அடுப்பு எரியும் என்பது, அந்த மக்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டிய விஷயமில்லை.

நீங்களும் போகலாம்

வியட்நாம் போகும் வாய்ப்பு இருந்தால், டோங் ஹோய் நகரில் இறங்கி ஃபோங் நியா ஊருக்குப் போகலாம். சோன் டூங் முடியாவிட்டாலும், படகிலேயே உள்ளே போகும் ஃபோங் நியா குகை இருக்கிறது. ‘சொர்க்கக் குகை’யில் முதல் ஒரு கிலோமீட்டர் வரை மரப்பாதை போட்டு விளக்கு வைத்திருக்கிறார்கள். குழந்தைகளும் நடக்கலாம்.

அதுவும் முடியாவிட்டால் ‘சோன் டூங் 360’ என்று தேடிப் பாருங்கள். பகலில் வேண்டாம். இரவில், அறை விளக்கை அணைத்துவிட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள். முதலில் கூரையைப் பாருங்கள். பிறகு அந்தப் புள்ளி மனிதரைத் தேடுங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் போனை அவர்கள் கையில் கொடுங்கள். மலை ஏற முடியாத அவர்களும், காலடி படாமலேயே, ஒரு முத்தும் உடையாமலேயே அந்தக் குகையைச் சுற்றிவிட்டு வரட்டும்.